ரீசெட் அழுத்துவதற்கு முன்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சோதனைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் டெஸ்ட் ஸ்டேஷனில் நிற்கும் இளம் பொறியாளர்களே, டிப்ளமோ முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்களே, ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகியும் ஒரு ஃபெயில் போர்டைக் கீழே வைக்க மனமில்லாதவர்களே,



இரவு ஷிஃப்டில் வழக்கமாக நடக்கும் ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து போர்டு ஒழுங்காக ஓடும். பதினொன்றாவது, விளக்கை இரண்டு முறை மினுக்கிவிட்டு அப்படியே உறைந்துவிடும். பவரை எடுத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி உறையும். அதற்குள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை எழுதியவர் பெங்களூரிலோ புனேயிலோ சியோலிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருப்பார். போன் போகும்.

“சார், மறுபடி ஹேங் ஆயிடுச்சு.”

“ரீசெட் பண்ணிப் பாருங்க.”

“பண்ணிட்டேன் சார். இப்ப ஓடுது.”

“அப்ப பாஸ் போட்டு அனுப்பிடுங்க.”

இந்த உரையாடலில் யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. லைன் நிற்கக் கூடாது, எண்ணிக்கை காத்திருக்கிறது. ஆனால் அந்த ரீசெட்டில் அழிந்தது என்ன என்பதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். எந்த வரியில் நிரல் நின்றது, அப்போது நினைவகத்தில் என்ன இருந்தது, எந்தப் பணி எதற்காகக் காத்திருந்தது ஆகிய மூன்றையும் அந்த போர்டு உறைந்த நிலையில் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் சாட்சி போய்விட்டது. மீண்டும் அதே சாட்சி கிடைக்க வேண்டுமானால், அந்த போர்டு யாரோ ஒருவருடைய வண்டியில், ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் உறைய வேண்டும்.

பொருள் உங்கள் கையில், மூலநிரல் வேறொருவர் கையில். இந்த வட்டாரத்தின் தொழில் அமைப்பே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸானும் 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸும் 2013இல் ராயல் என்ஃபீல்டும் வந்தன. முதல் சான்ட்ரோ வந்த காலத்துக் காரில் கணினி என்றால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்றும் சில உதிரிகளும்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைவிதி கட்டாயமான பிறகு, புகைபோக்கியைக் கவனிக்கக்கூடத் தனியாகச் சிந்திக்கும் சில்லுகள் தேவைப்படுகின்றன. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, டாக்சி போன்ற வண்டிகளில் ஏஐஎஸ்-140 விதிப்படி இடம் சொல்லும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். ஆக, இன்று லைனில் ஓடும் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவை தவறும்போது முதலில் பார்ப்பவர் நீங்கள். தவற்றைப் படிக்கும் வழிதான் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த வழியைப் பற்றியதுதான் இந்த மடல்.

சுருக்கமாகச் சொன்னால், தொலைவிலிருந்து பிழை தேடும் ஏற்பாட்டுக்கு இரண்டு பாதி. ஒரு பாதி பொறியாளரின் கணினியில் இருக்கும் பிழைநீக்கி, பெரும்பாலும் ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதியது, இன்றும் இலவசம். மறுபாதி போர்டின் பக்கம் இருக்கும் சிறிய உதவியாளன். லினக்ஸ் ஓடும் கருவியானால் ஜிடிபிசர்வர் என்ற சின்ன நிரல். லினக்ஸ் தாங்காத சிறு சில்லானால், ஜேடேக் அல்லது எஸ்டபிள்யூடி முனைகளில் மாட்டும் ஒரு ப்ரோப். அந்த ப்ரோப்புக்கும் ஜிடிபிக்கும் நடுவே மொழிபெயர்க்க ஓப்பன்ஓசிடி போன்ற மென்பொருள். சிந்திப்பது அங்கே, தொட்டுப் பார்ப்பது இங்கே.

இதில் ஜேடேக்கின் பிறப்பை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அது நிரல் எழுதுபவர்களுக்காகப் பிறந்ததே இல்லை. 1980களில் சில்லுகளின் கால்கள் நெருங்கி, போர்டுகள் பல அடுக்காகிப்போனபோது, ஆணிப்படுக்கை ஃபிக்ஸரில் வைத்து ஒவ்வொரு சால்டரையும் தொட்டுச் சோதிப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. 1985இல் சில மின்னணு நிறுவனங்கள் கூடி, சில்லின் ஒவ்வொரு காலுக்குப் பின்னும் ஒரு சிறு பதிவகத்தை வைத்து, எல்லாவற்றையும் சங்கிலியாகக் கோத்து, நான்கு கம்பிகள் வழியே படிக்கலாம் என்று முடிவு செய்தன. 1990இல் அது ஐட்ரிபிள்இ 1149.1 என்ற தரமாக வந்தது. சால்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆலைத்தளத்துக்காக உருவான அதே வாசல் வழியாகத்தான் பிற்பாடு நிரலாளர்கள் செயலிக்குள் நுழைந்தார்கள். டெஸ்ட் ஸ்டேஷனில் நிற்பவருக்கு ஜேடேக் இரவல் கருவி கிடையாது. அது உங்கள் வீட்டுப் பொருள்.

ஓப்பன்ஓசிடிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் டொமினிக் ராத் 2005இல் பட்டயப் படிப்புக்காகச் செய்த ஆய்வேட்டுத் திட்டம் அது. ஒரு மாணவனின் ப்ராஜெக்ட் உலகெங்கும் சில்லுகளைத் திறக்கும் சாவியாயிற்று. கல்லூரி கடைசி ஆண்டில் அவசரமாக வாங்கி ஒப்படைத்த ப்ராஜெக்டுகளை நினைத்து வருந்துபவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இணைப்பு கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது?

கம்பியில். அனுபவசாலிகள்கூட இதைத் தாண்டிப் போய்விட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வருவார்கள். போர்டுக்கு மின்சாரம் இருக்கிறதா, ப்ரோப்பின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்கின்றனவா, ப்ரோப் தன் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தக் கால் உண்மையில் போர்டோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கால் இணையாவிட்டால் ப்ரோப்புக்கு எதிரே போர்டு இருப்பதே தெரியாது. சீரியல் கம்பியானால், இந்தப் பக்கம் அனுப்பும் கால் அந்தப் பக்கம் கேட்கும் காலுக்குப் போக வேண்டும்; இரண்டையும் நேருக்கு நேர் இணைத்தால் இருவரும் பேசுவார்கள், இருவருமே கேட்கமாட்டார்கள். 3.3 வோல்ட் கால்களில் பழைய ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாகச் செருகினால் பிழையோடு சில்லும் போய்விடும். யுஎஸ்பி கேபிள்களில் சார்ஜ் மட்டுமே செய்யும் வகை ஒன்று இருக்கிறது. அதை அடையாளம் கண்டுபிடித்து லைனிலிருந்து அப்புறப்படுத்துவது ஒரு பொதுச்சேவை.

கேபிளின் நீளத்தையும் பாருங்கள். மேசையில் பத்து சென்டிமீட்டர் ரிப்பன் கேபிளில் நான்கு மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஜேடேக், ஃபிக்ஸரில் ஒரு மீட்டர் கேபிளில், பக்கத்தில் வெல்டிங் ரோபோ வேலை செய்யும்போது ஓடாமல் போகலாம். வேகத்தை நூறு கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். அப்போது ஓடினால் சில்லில் குறையில்லை, கம்பியில் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பிழை மறைகிறது என்றால், இரண்டு கிரவுண்டுகளுக்கு நடுவே மின்னோட்டம் சுற்றுகிறது என்று பொருள். மின்காந்த இரைச்சல் வெறும் சாக்கு என்று நினைப்பவர்கள், ஒரகடத்திலேயே இருக்கும் ஜிஏஆர்சி வாகன ஆராய்ச்சி மையத்தில் அதற்கென்றே தனி ஆய்வகம் வைத்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டிக்குள்ளிருக்கும் கேன் பஸ் பேசவில்லை என்றால், மென்பொருளைத் திறப்பதற்கு முன் பவரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். இரு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை தொங்குகிறது. ஐந்து விநாடி வேலை.

கம்பி சரி என்றால், இரு பக்கமும் பேசிக்கொள்வதைக் காதால் கேட்கலாம். ஜிடிபியின் தொலைதொடர்பு மொழி ஒளிவுமறைவில்லாதது. ஒவ்வொரு செய்தியும் $ குறியில் தொடங்கும், # குறியில் முடியும். அதன்பின் இரண்டு இலக்கத்தில் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு. செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் எதிர்ப்பக்கம் + என்று சொல்லும். சிதைந்து வந்தால் - என்று சொல்லி மறுபடி கேட்கும். ஜிடிபியில் இந்தப் பேச்சைத் திரையில் காட்டச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுவிட்டுப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். + வந்து பதில் வரவில்லை என்றால், எதிரே கேட்பவர் இருக்கிறார், செயலிதான் நிற்கவில்லை. - அடுக்கடுக்காக வந்தால் வேகமோ இரைச்சலோ. ஒன்றுமே வராவிட்டால் நீங்கள் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பிக்கோ, தவறான நெட்வொர்க் போர்ட் எண்ணுக்கோ, ஆலையின் ஃபயர்வாலுக்கோ திரும்புங்கள்.

தொலைவு என்பது நேரமும்தான். ஜிடிபி ஒரு பதிலுக்காக இயல்பாக 2 விநாடிதான் காத்திருக்கும். ஒரு அடி முன்னே வைக்க அது பல சிறு கேள்விகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் கடல் தாண்டிப் போய் வர வேண்டுமானால் வேலை நகராது. ஜிடிபியை போர்டுக்குப் பக்கத்திலிருக்கும் கணினியிலேயே ஓட்டிவிட்டு, திரையை மட்டும் தூரத்திலிருப்பவருக்குக் காட்டுவதே நல்லது. போர்டுக்கும் ஜிடிபிக்கும் நடுவே ஒரு முழம் கேபிள். மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வகைக் கோளாறு ஆள்மாறாட்டம். இதுதான் அதிக நேரத்தைத் தின்பது. இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் ஜிடிபி “ரிமோட் ஜி பாக்கெட் ரிப்ளை இஸ் டூ லாங்” என்று முரண்டு பிடிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும் இந்த வாசகத்தின் பொருள் எளிது: போர்டு அனுப்பும் பதிவகங்களின் எண்ணிக்கையும் ஜிடிபி எதிர்பார்த்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. கணினியின் சாதாரண ஜிடிபியை வைத்து ஆர்ம் சில்லோடு பேசினாலோ, 32 பிட் என்று நினைத்து 64 பிட்டைத் திறந்தாலோ இது வரும். பல கட்டமைப்புகளுக்கும் பொதுவான ஜிடிபியை நிறுவிக்கொண்டு, சரியான கட்டமைப்பைச் சொன்னால் தீர்ந்தது.

இதைவிடப் பொல்லாதது, எந்தப் பிழைச்செய்தியும் வராத ஆள்மாறாட்டம். நிரலை ஒரு வரியில் நிறுத்த பிரேக்பாயிண்ட் வைத்தால் நிற்கிறது, ஆனால் சம்பந்தமில்லாத வரியில். மாறியின் மதிப்பைக் கேட்டால் அபத்தமான எண். காரணம், போர்டில் எரித்திருப்பது செவ்வாய்க்கிழமை கட்டிய ஃபர்ம்வேர். பொறியாளர் திறந்து வைத்திருப்பது புதன்கிழமை கட்டியது. மூலநிரலில் ஒரு வரி கூடினாலும் அதன்பின் வரும் முகவரிகளெல்லாம் நகர்ந்துவிடும். போர்டுக்குப் போகும் கோப்பில் குறியீட்டுத் தகவலை உரித்துவிடுவார்கள், இடம் மிச்சம். உரிக்காத மூலப்பிரதியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அதை வைக்கவில்லை என்றால் அந்த போர்டின் பிழையைத் தேட உலகில் யாராலும் முடியாது என்று சொல்லமாட்டோம். ஆனால் பத்து நிமிட வேலை பத்து நாள் வேலையாகிவிடும்.

பழைய பிரதியை வைத்திருப்பதன் அருமைக்கு வாயேஜர்-1 விண்கலத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. 1977இல் ஏவிய கலம். 2023 நவம்பர் 14 முதல் அது பூமிக்கு அனுப்பியதெல்லாம் பொருளற்ற எண்கள். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர அதே அளவு. 2024 மார்ச் 1 அன்று பொறியாளர்கள் கலத்தின் தரவுக் கணினியைச் செல்லமாகச் சீண்டும் ஒரு கட்டளையை அனுப்பினார்கள். வந்த பதிலுக்குள் அந்தக் கணினியின் நினைவகம் முழுவதும் வரிசையாக இருந்தது. கோளாறுக்கு முன் இறக்கி வைத்திருந்த நினைவகப் பிரதியோடு அதை ஒப்பிட்டார்கள். சுமார் 3 சதவீத நினைவகம் கெட்டிருந்தது. ஒரே ஒரு சில்லு. கெட்ட இடத்தில் இருந்த நிரலைப் பிரித்து, நல்ல இடங்களில் பதுக்கி, ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று கலம் தன் உடல்நலத்தைத் தெளிவாகச் சொன்னது. ரீசெட் அடிக்க ஆளில்லாத இடத்தில், சுமார் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஒப்பிட ஒரு பழைய பிரதி கையில் இருந்ததால் நடந்த காரியம் இது. உங்கள் ஆலையின் சர்வரில் போன மாதத்து ஃபர்ம்வேரின் உரிக்காத பிரதி இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

கம்பியும் ஆளும் சரி, இப்போது காலம். பிரேக்பாயிண்டில் நிரல் நிற்கும், உலகம் நிற்காது. போர்டுக்குள் வாட்ச்டாக் என்று ஒரு காவல்நாய் இருக்கிறது. குறித்த இடைவெளியில் நிரல் வந்து தடவிக் கொடுக்காவிட்டால் அது எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். நீங்கள் பிரேக்பாயிண்டில் நிறுத்தி யோசிக்கும்போது அது குரைக்கும். இணைப்பு அறுந்தது என்று நினைத்துக் கம்பியைக் குறை சொல்வீர்கள். எஸ்டிஎம்32 போன்ற சில்லுகளில், பிழைநீக்கி நிறுத்தியிருக்கும்போது வாட்ச்டாக்கையும் டைமர்களையும் உறைய வைக்கத் தனி பிட்டுகள் உண்டு. முதலில் அவற்றைப் போடுங்கள். ஃப்ளாஷில் ஓடும் நிரலில் பிரேக்பாயிண்ட் வைக்க வன்பொருள் ஒப்பீட்டான்கள் தேவை. கார்டெக்ஸ்-எம்4 சில்லில் அவை ஆறுதான். ஏழாவதை வைத்துவிட்டு ஏன் மறுக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

மோட்டாரை ஓட்டும் போர்டில் கண்மூடித்தனமாக பிரேக்பாயிண்ட் வைக்கவே கூடாது. டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தும் கணத்தில் நிரல் நின்றால், அது கடத்தியபடியே இருக்கும், மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், புகை வரும். அங்கே நிறுத்தாமல் பார்க்கும் முறைகளே உகந்தவை. சின்ன வட்டப் பதிவேடு ஒன்றை நினைவகத்தில் வைத்து, நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே வந்து, பிறகு ப்ரோப் வழியே படிப்பது அவற்றில் சிறந்தது. சீரியலில் அச்சடித்துக்கொண்டிருந்தால் அச்சடிக்கும் நேரமே காலக்கணக்கை மாற்றிவிடும். பார்க்கும்போது மறைந்து, பார்க்காதபோது தோன்றும் பிழைகள் பெரும்பாலும் இப்படிப் பிறப்பவை.

காலப்பிழைக்குப் புகழ்பெற்ற சம்பவம் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாளில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம். வானிலைத் தரவைச் சேகரிக்கும், முன்னுரிமை குறைந்த சாதாரணப் பணி ஒன்று, பொதுவான ஒரு பூட்டின் சாவியை எடுத்துக்கொள்ளும். அந்தச் சாவிக்காக, உயர்ந்த முன்னுரிமை உள்ள பஸ் நிர்வாகப் பணி காத்திருக்கும். இதற்கு நடுவே நடுத்தர முன்னுரிமை உள்ள தொடர்புப் பணி நுழைந்து, சாதாரணப் பணியை ஓடவிடாமல் தள்ளிவைக்கும். ஸ்டோர் சாவி ஒரு ட்ரெய்னியிடம் இருக்கிறது; மேனேஜர் ஸ்டோர் வாசலில் காத்திருக்கிறார்; ட்ரெய்னியையோ நடுவில் ஒரு சூப்பர்வைசர் வேறு வேலைக்கு இழுத்துப் போய்விட்டார். மேனேஜரின் வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கலம், ஏதோ பெரிய கோளாறு என்று தன்னை ரீசெட் செய்துகொண்டது.

நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தினர் பூமியிலிருந்த நகல் கலத்தில், நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு, அதே கோளாறு வரும்வரை ஓட்டினார்கள். வந்தது. சாவி வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஏற்பாடு விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது; அந்தப் பூட்டுக்கு அது அணைந்திருந்தது. செவ்வாய்க்குப் போன மென்பொருளில் பிழைதேடும் வசதிகளை நீக்காமல் விட்டிருந்ததால், ஒரு சிறு நிரலை அனுப்பி அதைப் போட முடிந்தது. ‘தயாரிப்பு முடிந்துவிட்டது, டீபக் வசதியை எடுத்துவிடலாம்’ என்று யாராவது அங்கே சொல்லிக் கேட்டிருந்தால் கதை வேறு.

எல்லா இடத்திலும் ப்ரோப் மாட்ட முடியாது என்பது நியாயமான தடை. தருமபுரி மலைப்பாதையில் போய்க்கொண்டிருக்கும் பேருந்தின் இடமறியும் கருவி உறைந்தால், அதனிடம் யார் போவது? வெளியிலிருந்து அதைக் கூப்பிடவும் முடியாது. கைப்பேசி வலையமைப்பில் பெரும்பாலும் பல கருவிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கருவிதான் வெளியே அழைத்துப் பேச வேண்டும். பேச என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இங்கேதான் கார்டெக்ஸ்-எம் சில்லுகளின் ஒரு பழக்கத்தை ஒவ்வொரு டெஸ்ட் ஸ்டேஷனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிரல் செய்யக் கூடாத ஒன்றைச் செய்து ஹார்ட் ஃபால்ட் என்ற நிலைக்குப் போகும்போது, செயலி தானாகவே எட்டுப் பதிவகங்களை ஸ்டேக் என்ற நினைவகப் பகுதியில் எழுதி வைக்கிறது. பொதுப் பதிவகங்கள் நான்கு, பன்னிரண்டாம் பதிவகம், திரும்பிப் போக வேண்டிய முகவரி, நிரல் நின்ற முகவரி, நிலைப் பதிவகம். யாரும் நிரல் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை; வன்பொருளே செய்கிறது. அந்த எட்டு எண்களை, ரீசெட்டிலும் அழியாத ஒரு மூலையில் எடுத்து வைக்க ஃபர்ம்வேரில் ஒரு சிறு பகுதி போதும். மறுமுறை விழித்ததும் கருவி அந்த எண்களைச் சர்வருக்கு அனுப்பலாம், அல்லது டெஸ்ட் ஸ்டேஷன் திரையில் காட்டலாம்.

ஏழாவது எண், அதாவது நின்ற முகவரி, தங்கம். உரிக்காத கோப்பும் அந்த எண்ணும் இருந்தால், எந்தக் கோப்பில் எந்த வரியில் என்று ஒரு சிறு கருவி சொல்லிவிடும். ஆறாவது எண், அந்த இடத்துக்கு யார் கூப்பிட்டார் என்று சொல்லும். இரவு இரண்டு மணிக்கு ஒரகடத்தில் நிற்கும் ஒருவர், “ஹேங் ஆயிடுச்சு சார்” என்பதற்குப் பதிலாக, ஃபர்ம்வேரின் அடையாள எண்ணையும் அந்த எட்டு எண்களையும் போனில் படித்துக் காட்டினால், பெங்களூரில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காரணத்தைச் சில சமயம் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடலாம். மூலநிரல் உங்களிடம் இல்லாமலேயே இது முடியும் என்பதுதான் இதன் சிறப்பு.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிடிபியின் தொலைதொடர்பு மொழிக்குக் கடவுச்சொல் இல்லை, மறைகுறியும் இல்லை. ஜிடிபிசர்வர் கேட்டுக்கொண்டிருக்கும் நெட்வொர்க் போர்ட் எண் தெரிந்த யாரும் உள்ளே வரலாம், நினைவகத்தைப் படிக்கலாம், மாற்றலாம். 2010இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஹெச்.டி. மூர் இணையத்தைத் துழாவிப் பார்த்தபோது, பாத்ஃபைண்டரைக் காப்பாற்றிய அதே விஎக்ஸ்வொர்க்ஸின் மற்றொரு பிழைதேடும் சேவை சுமார் 2,50,000 கருவிகளில் உலகுக்கே திறந்து கிடந்தது. தயாரிப்பின்போது திறந்த கதவை அடைக்க மறந்திருந்தார்கள். ஆகவே வலைவழி இணைப்பென்றால் எஸ்எஸ்ஹெச் என்ற மறைகுறிச் சுரங்கத்துக்குள்ளேதான் போக வேண்டும். ஜிடிபிசர்வரை லைனில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. லைனின் கடைசி ஸ்டேஷனில் ஜேடேக்கைப் பூட்டுவதும் உங்கள் வேலைதான். ஆனால் எப்படிப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பல எஸ்டிஎம்32 சில்லுகளில் கடைசிப் பூட்டுநிலையைப் போட்டால் அந்தச் சில்லின் பிழைதேடும் வாசலை மறுபடி திறக்க வழியில்லை. களத்திலிருந்து திரும்பி வரும் போர்டு உங்கள் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருக்கும். சாவி சொன்னால் திறக்கும் பூட்டுகளும் சில சில்லுகளில் இருக்கின்றன. எதைத் தேர்வது என்ற கூட்டத்தில், திரும்பி வரும் போர்டைக் கையில் வாங்கப்போகும் நீங்களும் இருக்க வேண்டும்.

இவற்றைப் பழக ஆலையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு எஸ்டிஎம்32 போர்டும் ஒரு ப்ரோப்பும் கிடைக்கும். இரண்டும் இருந்தால், இந்த மடலில் சொன்ன பிழைகளில் பாதியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாம்: பழைய கோப்பைத் திறந்து ஆள்மாறாட்டம் செய்யலாம், வாட்ச்டாக்கைக் குரைக்க வைக்கலாம், இல்லாத முகவரியைத் தொட்டு ஹார்ட் ஃபால்ட்டில் விழலாம். ஒரு படி மேலே போக நினைப்பவர்களுக்கு, சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலி இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் அமைந்தது. 2018இல் அதன் ஒரு வடிவம் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் சில்லாக வந்தது. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, ஓப்பன்ஓசிடியும் ஜிடிபியும் கொண்டே அதில் பிழை தேடலாம். செயலியின் உள்ளே பிழைநீக்கி நுழையும் வாசல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நம்மூரில் எழுதிய நிரலிலேயே படிக்கலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்று கேட்கலாம். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த ஆண்களும் பெண்களும், வேலை இழந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் கைகள் வழியே கோடிக்கணக்கான போன்கள் போயிருந்தன. பச்சை விளக்கு எரிந்தால் வலப்பக்கம், சிவப்பு எரிந்தால் இடப்பக்கம் என்று மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்டவருக்கு, அந்த ஆலையின் ஃபிக்ஸரோடு அந்தத் திறமையும் போயிற்று. சிவப்பு ஏன் எரிந்தது என்று படிக்கத் தெரிந்தவர் அடுத்த ஆலைக்கு அதை எடுத்துச் சென்றார். அந்த வளாகம் பிறகு சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு வந்து மீண்டும் உயிர் பெற்றது; ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அங்கே தங்கி ஷிஃப்டுக்குப் போகும் தங்கைகளில் ஃபெயில் போர்டைப் பார்த்து “இது ஏன் நின்றது” என்று கேட்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ப்ரோப்பும், அதைப் பிடிக்கச் சொல்லித்தர ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்.

மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் கேட்கவும் ஒன்றிரண்டு இருக்கின்றன. ஃபர்ம்வேர் தரும் நிறுவனத்திடம் மூலநிரல் கேட்க வேண்டாம். அது அவர்கள் சொத்து. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் அடையாள எண்ணைப் போர்டிலிருந்து படிக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அதன் உரிக்காத பிரதியை அவர்களிடமே பத்திரமாக வைத்திருப்பதாக எழுதி வாங்குங்கள். விழுந்த நேரத்தின் எட்டு எண்களை டெஸ்ட் ஸ்டேஷன் திரையில் காட்டும் வசதியைக் கேளுங்கள். உறைந்த போர்டை ரீசெட் செய்யாமல் பத்து நிமிடம் ஒதுக்கி வைக்க, லைனின் ஓரத்தில் மின்சாரத்தோடு ஒரு மேசை போடுங்கள்.

பொறியாளர்களே, அந்த மேசை வரும்வரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போர்டு எண், ஃபர்ம்வேர் அடையாளம், எந்த ஸ்டேஷன், பவர் போட்டு எத்தனை நிமிடத்தில் நின்றது, பக்கத்தில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதிய பிறகு ரீசெட் அழுத்துங்கள்.